முல்லைத்தீவு: நிலம் நடுங்காமலே நிலநடுக்கத்தில் அழிந்த ஊர்

ஒவ்வோர் ஆண்டும் டிசெம்பர் 26 ஆம் திகதி காலை 9.25 முதல் 9.27 வரை இலங்கை இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறது. 2005 இலிருந்து அந்த நாள் தேசிய பாதுகாப்பு தினம். கொழும்பில் அலுவலகங்களிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அந்த இரண்டு நிமிடம் கடைப்பிடிக்கப்படுகிறது. தென்மேற்குக் கரையில், பெரலியவில் நின்ற புகையிரதத்தை அலை புரட்டிப் போட்ட வேளையை ஒட்டியது அந்த நேரம்.

முல்லைத்தீவின் நேரம் அது அல்ல. கிழக்குப் பக்கம் பார்த்துக் கிடக்கும் அந்தக் கரையை அலை அதற்கு முன்பே அடைந்துவிட்டது. அன்று கொழும்பின் மணிக்கூடும் முல்லைத்தீவின் மணிக்கூடும் ஒரே நேரத்தைக் காட்டவும் இல்லை. 1996 இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னகர்த்தியது. அந்த ஆண்டின் இறுதியிலிருந்து இலங்கை நேரம் இந்திய நேரத்தைவிட அரை மணித்தியாலம் கூடுதலாக இருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. வன்னியில் 'பழைய நேரம்' தொடர்ந்தது. ஆகவே சுமாத்திராவில் நிலம் பிளந்தபோது கொழும்பில் காலை 6.58, முல்லைத்தீவில் 6.28. 2006 ஏப்ரலில் முழு நாடும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. மௌன அஞ்சலி மட்டும் 9.25 இலேயே நிற்கிறது. இன்றைய மணிக்கூட்டின்படி, அந்த இரண்டு நிமிடம் தொடங்கும்போது முல்லைத்தீவு அழிந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும்.

இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. நாடு முழுவதற்கும் ஒரு நேரம் வேண்டும். அது எங்கோ ஓர் இடத்தின் நேரமாகத்தான் இருக்க முடியும். ஆனால் ஓர் ஊரை நினைவுகூருவது என்றால் என்ன என்று யோசிக்க இந்த ஒரு மணித்தியாலம் நல்ல தொடக்கம். முல்லைத்தீவு இன்று பெரும்பாலானோருக்கு ஒரு போரின் கடைசி இடம். அதற்கு முன் அது ஒரு சிறு கரையோரப் பட்டினம் என்பதும், அந்தப் பட்டினம் 2004 இல் ஒரே காலையில் இல்லாமல் போனது என்பதும், பின்னால் வந்த பேரழிவின் கீழே புதைந்து கிடக்கின்றன.

ஊர் இருந்த இடம்

பெயரில் தீவு இருந்தாலும் முல்லைத்தீவு தீவு அல்ல. கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே நந்திக்கடல் என்னும் களப்பு. இரண்டுக்கும் இடையிலான மணல் நிலத்தில் ஊர் அமைந்திருக்கிறது. பரந்தனிலிருந்து வரும் வீதி புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் வழியாக வந்து வட்டுவாகல் பாலத்தில் களப்பைக் கடந்து பட்டினத்தை அடையும். மாங்குளத்திலிருந்து வரும் மற்றைய வீதி ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக வரும்.

கரையோரமாகக் கள்ளப்பாடு, செல்வபுரம், மணற்குடியிருப்பு, கோவில்குடியிருப்பு, வண்ணாங்குளம், தீர்த்தக்கரை, சிலாவத்தை என்று குடியிருப்புகள். பெரும்பாலும் கடற்றொழிலை நம்பி வாழ்ந்த குடும்பங்கள். வீடு கடலுக்கு எவ்வளவு கிட்டவோ, அவ்வளவுக்குத் தொழில் இலகு. படகு, வலை, இயந்திரம், வாடி எல்லாம் கண் பார்வையில் இருக்க வேண்டும். கரைவலை இழுக்கும் இடங்களுக்குத் தலைமுறைகளாக உரிமையும் முறையும் உண்டு. இந்த ஒழுங்கு எதுவும் வரைபடத்தில் இல்லை. ஊர்க்காரரின் நினைவில்தான் இருந்தது.

கடல் இந்த ஊருக்குத் தொழில் மட்டும் அல்ல. களப்பின் மறுகரையில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் இருக்கிறது. வைகாசிப் பொங்கலுக்கு முன் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல் நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்பு நீரில் விளக்கேற்றுவது வழக்கம். பட்டினத்தின் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கடற்கரைக்குக் கிட்ட இருந்த புனித இராயப்பர் ஆலயம் நடுவிடம். இராயப்பரும் மீனவர்தானே என்று இங்கு எல்லோருக்கும் தெரியும்.

2004 இல் நின்ற ஊர், பழைய ஊர் அப்படியே தொடர்ந்து வந்ததும் அல்ல. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் மக்கள் இடம்பெயர்ந்தனர். பட்டினம் பெரும் இராணுவ முகாமானது. 1996 ஜூலை 18 இல் விடுதலைப் புலிகள் அந்த முகாமைத் தாக்கிக் கைப்பற்றினர். ஆயிரத்துக்கு மேற்பட்ட படையினர் அந்தச் சண்டையில் இறந்தனர். கட்டடங்கள் பெரும்பாலும் இடிந்துபோயின. அதன் பின்னரே மக்கள் சிறிது சிறிதாகத் திரும்பினர். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்ததும் வேகம் கூடியது. ஆக, அலை வந்தபோது முல்லைத்தீவு மீளக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஊர். புதுக் கூரை, புதுப் படகு, கடனுக்கு வாங்கிய வலை. அழிந்தவற்றில் நிறைய, இரண்டு மூன்று வருடங்களுக்குள் சேர்த்தவை.

1,800 கிலோமீற்றருக்கு அப்பால்

நிலநடுக்கத்தின் மையம் சுமாத்திராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், கடலுக்கு அடியில் இருந்தது. முல்லைத்தீவிலிருந்து அது ஏறக்குறைய 1,800 கிலோமீற்றர் தொலைவு. அங்கே இந்தியத் தட்டு பர்மாத் தட்டின் கீழ் மெல்ல மெல்லச் செருகிக்கொண்டிருக்கிறது. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இறுக்கம் அன்று விடுபட்டது. அளவு 9.1 என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. சில ஆய்வுகள் 9.3 வரை சொல்கின்றன.

இலங்கையின் கிழக்குக் கரையைப் பொறுத்தவரை, அளவைவிட முக்கியமானது பிளவின் நீளமும் திசையும். பிளவு மையத்தில் நிற்கவில்லை. நிக்கோபார், அந்தமான் தீவுகள் பக்கமாக வடக்கு நோக்கி ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர் ஓடியது. அது முடிய எட்டிலிருந்து பத்து நிமிடம் எடுத்தது. தெற்கு வடக்காகப் போன அந்த நீண்ட பிளவில் கடலடி உயர்ந்தபோது, நீர் முக்கியமாகக் கிழக்கேயும் மேற்கேயும் தள்ளப்பட்டது. கிழக்கே தாய்லாந்து, மேற்கே இலங்கையும் இந்தியாவும். பிளவின் வடமுனைக்கு அப்பாலிருந்த பங்களாதேசம் பெரும்பாலும் தப்பியதற்கும் இதுவே காரணம்.

ஆழ்கடலில் ஆழிப்பேரலை விமானத்தின் வேகத்தில், மணிக்கு 700 கிலோமீற்றருக்கும் கூடுதலாகப் போகும். ஆனால் அங்கே அதன் உயரம் மிகக் குறைவு. மேலே நிற்கும் படகுக்குத் தெரியாது. கரைக்குக் கிட்ட, ஆழம் குறையும்போது வேகம் குறைந்து நீர் குவிந்து உயர்கிறது. சுமாத்திராவிலிருந்து இலங்கையின் கிழக்குக் கரைக்கு வர அதற்கு இரண்டு மணித்தியாலமளவு எடுத்தது. முல்லைத்தீவில் நிலம் ஆடி வீடு எதுவும் விழவில்லை. அங்கே வந்தது நீர் மட்டுமே.

இரண்டு மணித்தியாலம் என்பது ஒரு கரையோர ஊர் கால்நடையாகவே உள்ளே போகப் போதுமான நேரம். கண்டி பல்லேகலையில் 2000 இலிருந்து இயங்கிய நிலநடுக்கப் பதிவு நிலையம் அதிர்வைப் பதிவு செய்தது. ஹவாயில் உள்ள பசுபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் கால் மணித்தியாலத்துக்குள் நிலநடுக்கத்தைக் கண்டுகொண்டது. ஆனால் முதல் கணிப்பில் அளவு 8.0 தான். இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை அமைப்பு எதுவும் அப்போது இல்லை. ஒரு பதிவுக் கருவியிலிருந்து ஒரு கடற்றொழிலாளியின் காது வரை செய்தி போக வழி இருக்கவில்லை. வன்னிக்குள் கையடக்கத் தொலைபேசி வலையமைப்பு இல்லாத காலம் அது. அரசின் அறிவிப்பு ஒன்று வந்திருந்தாலும், அது போர்நிறுத்தக் கோட்டைத் தாண்டி யார் வழியாகப் போயிருக்கும் என்ற கேள்வியும் இருக்கிறது.

அன்று காலை

நத்தாருக்கு மறுநாள். ஞாயிற்றுக்கிழமை. போயா தினம். மூன்றும் சேர்ந்து வந்ததால் பிள்ளைகள் வீட்டிலும் கடற்கரையிலும் இருந்தனர். வெளியூர் உறவினர்கள் விருந்துக்கு வந்திருந்தனர்.

மணல் நிலத்தில் ஏறி ஒதுங்க மேடு இல்லை. முன்னால் கடல், பின்னால் களப்பு. கரையோரக் குடியிருப்புகள் அடியோடு போயின. புனித இராயப்பர் ஆலயம் இடிந்தது. போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் தங்கியிருந்த செந்தளிர் சிறுவர் இல்லம் கடலுக்குக் கிட்ட இருந்தது. அங்கே பிள்ளைகள் பலர் இறந்தனர். முல்லைத்தீவு மாவட்டத்தில் இறந்தோர் தொகை சுமார் 3,000 என்று சொல்லப்படுகிறது. நாடு முழுவதிலும் 35,000க்கு மேல். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேல். ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்தனர்.

அம்பாறையில் இறந்தோர் தொகை இதைவிட மிக அதிகம். ஆனால் முல்லைத்தீவு மாவட்டம் சனத்தொகையில் மிகச் சிறியது. அதிலும் அலை அடித்தது கரையோரத்தை. ஒரு சிறு சமூகத்தில் இத்தனை பேர் இறந்தால், செத்தவீட்டுக்குப் போக ஆள் மிஞ்சாது. சடலங்களை அடையாளம் காட்ட வேண்டியவர்களே சடலங்களாகக் கிடந்தனர். பலர் அடையாளம் காணப்படாமலே, ஊருக்கு உள்ளே கொண்டுபோய்க் கூட்டாகப் புதைக்கப்பட்டனர்.

கொழும்பில் இருந்தவர்களுக்குச் செய்தி மெதுவாகத்தான் வந்தது. தொலைக்காட்சியில் முதலில் தெரிந்தது காலியும் தென்கரையும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வன்னி உறவுகள் உள்ள வீடுகளில், தெற்கின் படங்களைப் பார்த்து வடக்கைக் கணக்கிட வேண்டியிருந்தது. ஏ9 வீதி திறந்திருந்ததால் போய்த் தேட முடிந்தது. ஓமந்தை தாண்டிப் போனவர்கள் சொன்னதும், பின்னர் தமிழ் நாளிதழ்களில் வந்த பெயர்ப் பட்டியல்களும்தான் பலருக்கு முதல் உறுதியான தகவல்.

அலைக்குப் பின் வந்த ஆண்டு

2005 ஜனவரியில் ஐ.நா. செயலாளர் நாயகம் கோபி அனான் இலங்கை வந்தார். அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் போனார். புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த முல்லைத்தீவுக்குப் போக அரசாங்கம் இணங்கவில்லை. அழிவைப் பார்க்க வந்தவர் மிக மோசமாக அழிந்த ஊர்களில் ஒன்றைப் பார்க்காமலே திரும்பினார்.

அடுத்து, கரையிலிருந்து எவ்வளவு தூரத்துக்கு வீடு கட்டக் கூடாது என்ற கேள்வி. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று அரசாங்கம் அறிவித்தது. கடற்றொழிலாளருக்கு 200 மீற்றர் என்பது படகையும் வலையையும் கண்ணில் படாமல் விடும் தூரம். எதிர்ப்பு எழுந்தது, பின்னர் இந்த எல்லை தளர்த்தப்பட்டது. அதற்குள் பல குடும்பங்கள் உள்ளே அமைந்த தற்காலிகக் கொட்டில்களில் மாதக் கணக்கில் இருந்துவிட்டன.

நிவாரணத்தை அரசும் புலிகளும் சேர்ந்து பகிர்வதற்கான பொதுக் கட்டமைப்பு 2005 ஜூன் 24 இல் கைச்சாத்தானது. அதை எதிர்த்து ஜே.வி.பி. ஏற்கனவே அரசாங்கத்திலிருந்து விலகியிருந்தது. ஜூலை 15 இல் உயர் நீதிமன்றம், பிராந்தியக் குழு கிளிநொச்சியில் இயங்குவது உள்ளிட்ட முக்கியப் பிரிவுகளை இடைநிறுத்தியது. கட்டமைப்பு அதன் பிறகு இயங்கவே இல்லை.

ஒரு விடயத்தில் மட்டும் அரசு விரைந்து நடந்தது. கடல் கொண்டுபோய் உடல் கிடைக்காதவர்களின் குடும்பங்களுக்காக, 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க சுனாமி (விசேட ஏற்பாடுகள்) சட்டம் நிறைவேறியது. காணாமற்போன ஒருவரின் இறப்பைப் பதிவதை அது இலகுவாக்கியது. சாதாரணமாக வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டிய ஒன்று மாதங்களில் முடிந்தது. அரசு மனம் வைத்தால், காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு ஒரு வழியைச் சட்டத்தில் திறக்க முடியும் என்பதற்கு அது சான்று. அதே மாவட்டத்தில் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 மார்ச் 8 இல் வீதியோரப் போராட்டம் தொடங்கினர். இவர்கள் கேட்பது இறப்புப் பதிவை அல்ல, பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்ற பதிலை. இரண்டு கோரிக்கைகளும் வேறு. ஆனால் ஒரே குடும்பத்தில் கடலில் போன பிள்ளைக்கு ஒரு சான்றிதழும், போரில் போன பிள்ளைக்கு எந்தப் பதிலும் இல்லாத நிலையும் முல்லைத்தீவில் இருக்கிறது.

இரண்டாவது அழிவு

2006 இல் போர் மீண்டும் தொடங்கியது. 2009 ஜனவரி 25 இல் இராணுவம் முல்லைத்தீவுப் பட்டினத்துக்குள் நுழைந்தது. அதற்கு முன்பே மக்கள் வெளியேறியிருந்தனர். மே மாதம் வரை அவர்கள் அடைபட்டிருந்த சிறு நிலத்துண்டு, பட்டினத்துக்குச் சற்று வடக்கே, அதே கரையில் இருந்தது. கடைசியில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தே அவர்கள் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்தனர்.

2004 இன் நினைவுக்கு என்ன நடந்தது என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும். ஆழிப்பேரலையில் தப்பிய படங்கள், காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், கோயில் கணக்குப் புத்தகங்கள், இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல்கள் எல்லாம் 2009 வரை யாரோ ஒருவரின் பெட்டியில் இருந்தன. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, பை ஒவ்வொன்றாகக் குறைந்து, வெறுங்கையோடு பாலத்தைக் கடந்தவர்கள் பலர். அலை விட்டு வைத்த சான்றைப் போர் எடுத்தது. அலையில் தப்பிய சாட்சிகளிலும் பலரைப் போர் எடுத்தது. 2004 இல் பிள்ளையைப் புதைத்த தாய் 2009 இல் தானே புதைக்கப்பட்டிருந்தால், அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்ல இன்று யார் இருப்பார்?

மீள்குடியேற்றம் நடந்தது. புதிய மாவட்டச் செயலகம், புதிய வீதி, புதிய கடைகள் வந்தன. இராயப்பர் ஆலயம் மீண்டும் எழுந்தது; அதன் வளாகத்தில் உள்ள நினைவாலயத்தில் ஒவ்வொரு டிசெம்பர் 26 இலும் அஞ்சலி நடக்கிறது. அதே வேளை, வட்டுவாகலில் கடற்படை முகாமுக்குள் சிக்கிய காணிகள் பற்றிய வழக்கும் போராட்டமும் முடிந்தபாடில்லை. அலை அழித்த இடம் எது, போர் அழித்த இடம் எது, முகாமுக்குள் போன இடம் எது என்று பிரித்துக் காட்டும் அடையாளம் தரையில் இல்லை.

பிற ஊர்கள் எப்படி நினைக்கின்றன

பெருநாட்டில் யுங்காய் என்ற மலைப் பட்டினம் இருந்தது. 1970 மே 31, ஞாயிறு பிற்பகல், கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் உவாஸ்கரான் சிகரத்தின் பனியும் பாறையும் சரிந்து சில நிமிடங்களில் ஊரை மூடின. ஏறக்குறைய 20,000 பேர் புதைந்தனர். ஊர்ச் சதுக்கத்தில் நின்ற பனை மரங்களில் நான்கு மட்டும் சேற்றுக்கு மேலே தலைநீட்டி நின்றன. மயானம் இருந்த மேட்டில் ஏறிய சிலர் தப்பினர். பெரு அந்த இடத்தைத் தோண்டவில்லை. முழு நிலத்தையும் மயானமாக அறிவித்து, புதிய யுங்காயைச் சற்றுத் தள்ளிக் கட்டியது.

இத்தாலியின் சிசிலியில் ஜிபெல்லினா 1968 ஜனவரியில் அழிந்தது. மக்களை வேறிடத்தில் குடியமர்த்திய பின், அல்பேர்ட்டோ பூரி என்ற கலைஞர் இடிபாடுகளை வெண்ணிறக் கொங்கிரீட்டால் மூடினார். பழைய வீதிகள் மட்டும் ஆள் நடக்கக்கூடிய பிளவுகளாக விடப்பட்டன. வீடு ஒன்றும் இல்லை. ஆனால் எந்த வீதி எங்கே திரும்பியது என்று நடந்து பார்க்கலாம்.

நமக்குக் கிட்டவே தனுஷ்கோடி இருக்கிறது. கொழும்பிலிருந்து தலைமன்னார் வழியாகச் சென்னைக்குப் போன பழைய தலைமுறைக்கு அது பழகிய பெயர். 1964 டிசெம்பர் 22 நள்ளிரவை ஒட்டி அடித்த புயல் அந்தத் துறைமுகப் பட்டினத்தைப் புகையிரதத்தோடு சேர்த்து அழித்தது. மனிதர் வாழத் தகாத இடம் என்று அறிவிக்கப்பட்டது. இடிந்த தேவாலயமும் புகையிரத நிலையமும் அப்படியே நிற்கின்றன. இன்று அவை சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் இடம்.

மூன்று ஊர்களிலும் ஏதோ ஒன்று மிஞ்சியது: மயானம், வீதியின் தடம், இடிந்த சுவர். அங்கே நிற்பவருக்கு, இங்கே ஓர் ஊர் இருந்தது என்று அது சொல்கிறது. முல்லைத்தீவில் ஊர் அதே இடத்தில் மீண்டும் வாழ்கிறது. அது நல்லதே, கடற்றொழிலாளருக்குக் கடல்தான் ஊர். ஆனால் இடிபாடு இல்லாத ஊரில் நினைவு பேச்சிலும் எழுத்திலும் மட்டுமே தங்க முடியும்.

நினைவு உயிர் காக்கும்

2004 இல் நிலநடுக்க மையத்துக்கு மிகக் கிட்ட இருந்த மக்கள் வாழும் தீவுகளில் ஒன்று சிமேலுவே. அங்கே 1907 இல் ஓர் ஆழிப்பேரலை பலரைக் கொன்றது. அதை அத்தீவு மக்கள் 'ஸ்மோங்' என்ற சொல்லில் வைத்துப் பாதுகாத்தனர். நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால், மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம். பாட்டிமார் கதையாகவும் தாலாட்டாகவும் அது போனது. ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த தீவில் 2004 இல் அலைக்குப் பலியானோர் ஏழு பேர் என்று ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

தமிழில் கடல்கோள் என்ற சொல் மிகப் பழையது. கடல் கொண்ட நகரங்களைப் பாடப் புத்தகத்தில் படித்தோம். ஆனால் கடல் உள்வாங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தச் சொல் யாருக்கும் சொல்லித் தரவில்லை. 2004 இல் உள்வாங்கிய கடலில் துள்ளிய மீனைப் பொறுக்க ஓடியவர்கள் பல கரைகளில் இருந்தனர். மறந்ததில் கொழும்புக்கும் பங்குண்டு. 1615 ஏப்ரலில் கொழும்பை ஒரு பலத்த நிலநடுக்கம் உலுக்கியதாகப் போர்த்துக்கேயர் காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. வெள்ளவத்தையில் அடுக்குமாடி வாங்குபவர் எவரும் அதைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்.

இப்போது நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. 2005 இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் நிலையமும் வந்தன. இந்து சமுத்திர எச்சரிக்கை அமைப்பு இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் ஆடியபோது இலங்கையின் கரையோர மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஆனால் இங்கிருந்து பார்த்தால் ஒரு வேறுபாடு உண்டு. சிமேலுவேயில் நிலநடுக்கமே எச்சரிக்கை. முல்லைத்தீவில் நிலம் ஆடாது. ஆகவே இந்தக் கரைக்கு உரிய பாடம் வேறு: கடல் வழக்கத்துக்கு மாறாக நடந்தால், நிலம் ஆடும்வரை காத்திருக்காதே. 2004 இன் பின் பிறந்த பிள்ளைகள் இப்போது அதே கரையில் தொழிலுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். இதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள், அன்று அங்கே நின்றவர்கள்.

இனிச் செய்யக்கூடியது

அந்த மனிதர்கள் எல்லோரும் முல்லைத்தீவில் இல்லை. 2009 இன் பின் பலர் கொழும்பு வந்தனர். பலர் இங்கிருந்து வெளிநாடு போயினர். வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் மாடி வீடுகளிலும் இருக்கும் முதியவர் சிலருக்கு, கள்ளப்பாட்டில் எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு இருந்தது என்று இன்னும் தெரியும். இருபது வருடம் கடந்துவிட்டது. அன்று ஐம்பது வயதாக இருந்தவருக்கு இன்று எழுபதுக்கு மேல்.

பெரிய நினைவுச் சின்னம் கட்ட அரசின் அனுமதியும் பணமும் வேண்டும். ஊரை எழுதி வைக்க அவை தேவையில்லை. ஒரு கொப்பியில் வீதியை வரைந்து, வீடு வீடாகப் பெயர் எழுதலாம். யாருடைய வாடி, எந்தக் கரைவலைப் பாடு, எந்தக் கடை, எந்தக் கிணறு, எந்தப் பள்ளிக்கூடம் என்று குறிக்கலாம். இறந்தவரின் பெயரோடு, எந்த அழிவில் இறந்தார் என்பதையும் எழுத வேண்டும்: 2004 ஆ, 2009 ஆ. இரண்டு துயரையும் ஒன்றாகக் கலந்தால் இரண்டுமே மங்கும். 2004 க்கு முன் எடுத்த ஒரு கலியாணப் படமோ முதல் நன்மைப் படமோ கனடாவிலோ சுவிஸிலோ உள்ள உறவினரிடம் இருக்கலாம். ஊரில் அழிந்த படத்தின் பிரதி தபாலில் முன்பே போயிருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பிரதி எடுக்கலாம்.

சேர்த்ததை வைக்க இடமும் உண்டு. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. வெள்ளவத்தை 57 ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. ஒரு கொப்பி அங்கே போய்ச் சேர்ந்தால், அடுத்த இடப்பெயர்வில் அது ஒரு குடும்பத்தின் பையிலிருந்து மட்டும் தொலையாது.

தேசிய பாதுகாப்பு தினத்தின் இரண்டு நிமிடம் 9.25 இலேயே இருக்கட்டும். அன்று நம் வீட்டில் முல்லைத்தீவுக்காரர் ஒருவர் இருந்தால், எட்டரை மணிக்கே அவருக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியோடு இருந்து, உங்கள் வீதியில் முதலாவது வீடு யாருடையது என்று கேட்கலாம்.